ஊரடங்குக் காலத்து 5000 ரூபாய்: வாங்கியவனின் விமர்சனம்

போனுக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் விமர்சனம் எழுதுகிறோம், இலங்கை அரசாங்கம் தந்த கொரோனா நிவாரணத்துக்கு யாரும் எழுதிக் காணவில்லை. ஓசியில் கிடைத்ததற்கு என்ன விமர்சனம் என்று மச்சான் கேட்டான். ஓசியா? பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் வரி கட்டுகிற ஆள் நான். ஐந்துக்கு மூன்று போடுகிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன். 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்டதோடு வருமானம் பூச்சியம். தளர்த்துகிற நாளில் எல்லோரும் கடைக்குத்தான் ஓடினார்கள், அதுவும் சைக்கிளில். பருப்பு கிலோ 65 ரூபாய், ரின் மீன் 100 ரூபாய் என்று அரசாங்கம் அந்த மாதம்தான் கட்டுப்பாட்டு விலை அறிவித்திருந்தது. அந்த விலை வானொலியில் இருந்தது, பருப்பு கடையில் இல்லை. சரி, அது வேறு கதை.

ஏப்ரலில் 5000 ரூபாய் வந்தது. சமுர்த்தி என்ற வறுமை நிவாரணக் கொடுப்பனவு எடுத்த குடும்பம், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள் என்று ஏற்கனவே பட்டியலில் இருந்த ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் முதலில் கிடைத்தது. அப்போது மாதம் 2000 ரூபாய் முதியோர் கொடுப்பனவு எடுத்த எங்கள் அம்மாவுக்கு அந்த மாதம் 5000 ஆனது. நான் போட்ட மூன்றில் இரண்டு நட்சத்திரம் அதைக் கொண்டுவந்து தந்த விதத்துக்குத்தான். மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டு, பதிவுப் புத்தகத்தைச் சீற்றில் விரித்துக் கையெழுத்து வாங்கி, காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியூர்க்காரருக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். 2009இல் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்கும் ஒரு பார்சல் சோற்றுக்கும் வெயிலில் வரிசையில் நின்ற மனுசி அவர். மீளக்குடியமர்ந்த பிறகும் நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு சங்கக் கடை (கூட்டுறவுக் கடை) வாசலில் நின்றவர். அரசாங்கக் காசு படலைக்கு நடந்து வந்ததை அன்றைக்குத்தான் கண்டார். உத்தியோகத்தர் போனபிறகும் கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இனிக் குறை. என் பெயர் முதல் பட்டியலில் இல்லை. விசாரித்தால், "உங்களிட்டை வாகனம் இருக்குத்தானே அண்ணை" என்றார்கள். இருக்கிறது, லீசிங்கில் இருக்கிறது, ஓடாமல் மாமரத்துக்குக் கீழே இருக்கிறது. ஓட்டோக்காரருக்கு ஆறு மாதம் தவணை கட்டத் தேவையில்லை என்று அரசாங்கம் சொன்னதை நம்பி இருந்தேன், எங்கள் லீசிங் கம்பனி பிறகு அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி போட்டுக் கணக்குக் காட்டியது. எனக்குப் பக்கத்து வளவில் கல்வீடு கட்டினவர் என்று ஒரு கூலித் தொழிலாளியின் பெயரையும் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். அது வீட்டுத்திட்டத்தில் வந்த கல்வீடு, பூச்சுக்கூட முடியவில்லை. மேன்முறையீடு எழுதி மே மாதக் கொடுப்பனவு எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது, நானும் என்னுடையதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், அதை இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. பட்டியலை விதானையார் (கிராம அலுவலர்) கந்தோர்ச் சுவரில் ஒட்டி, ஏன் சேர்த்தோம் ஏன் வெட்டினோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். ஏப்ரல், மே, அதோடு நிறுத்தம்.

2021 மே 17 எங்கள் பொலிஸ் பிரிவையே முடக்கினார்கள், முள்ளியவளை, முல்லைத்தீவுப் பிரிவுகளையும் சேர்த்து. அடுத்தநாள் மே 18, போரில் இறந்தவர்களை நாங்கள் நினைவுகூருகிற நாள். காரணம் கொரோனாதானா என்று ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள், நான் அதற்குள் போகவில்லை. வீட்டோடு தனிமைப்படுத்தின குடும்பத்துக்கு 14 நாளுக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொதி என்பது திட்டம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் பொதி 11ஆம் நாள் வந்தது. அதுவரைக்கும் மதிலுக்கு மேலால் நாங்கள்தான் சோறு கொடுத்தோம். பொதியில் அரிசி, மா, சீனி எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால்மா இல்லை. பொதியாகத் தராமல் காசாகவே தந்திருந்தால் தேவையானதை அவர்களே சொல்லி எடுப்பித்திருப்பார்கள்.

ஜூனில் திரும்பவும் 5000 வந்தது. ஓகஸ்ட் 20 மறுபடி நாட்டை மூடினபோது, வேறு கொடுப்பனவு எதுவும் எடுக்காமல் வருமானம் இழந்த குடும்பத்துக்கு 2000 ரூபாய். இந்த முறை முதல் பட்டியலிலேயே என் பெயர் இருந்தது, பக்கத்து வளவுக்காரர் பெயரும் இருந்தது. ஆனால் 2020இல் 5000 ரூபாய்க்கு வாங்கின சாமானில் பாதியைக்கூட அந்த 2000க்கு வாங்க முடியவில்லை, சாமான் விலை அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது.

அம்மா தன் 5000 ரூபாயில் ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். ஏன் இன்னும் செலவழிக்கவில்லை என்று கேட்டேன். "அடுத்த இடப்பெயர்வுக்குக் கிடக்கட்டும் தம்பி" என்றார்.