மூடி போட்ட எவர்சில்வர் கப்: எட்டு மாதம் கையில் வைத்திருந்த பிறகு

என்னை இதை வாங்க வைத்தது ஒரு பிளாஸ்டிக் குச்சி. காபி பார்சல் வாங்கினால் சில கடைகளில் மூடியின் குடிக்கும் துளையை அடைக்க விரல் நீளத்தில் ஒன்றைச் செருகித் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். நடக்கும்போது தளும்பிக் கையில் சிந்தாமல் இருக்கத்தான். கடையிலிருந்து ஆபீஸ் மேஜை வரை ஐந்து நிமிடம், அதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு நாள் பேனா தேடி டிராயரைத் திறந்தால் உள்ளே பதினாலு குச்சிகள் கிடக்கின்றன, தூக்கிப் போட மனசு வராமல் நானே போட்டு வைத்தவை. எதுவும் வளையவில்லை, நிறம்கூட மாறவில்லை. அன்று சாயங்காலமே இந்தக் கப்பை வாங்கிவிட்டேன்.

ஒரு பார்சல் காபியோடு வரும் சாமான்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கப் மெல்லியது, கை சுடுகிறது, அதற்கு ஒரு அட்டை உறை. தளும்புகிறது, அதற்கு மூடி. மூடியில் துளை இருக்கிறதே, அதற்குக் குச்சி. சர்க்கரை கலக்க இன்னொரு குச்சி. ஒன்றின் குறையை மறைக்க அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. இதில் அந்த அட்டை உறை மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. ஜே சோரன்சன் என்ற அமெரிக்கர், மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் அழைத்துப் போகும்போது சூடான காபியை மடியில் கொட்டிக்கொண்டு, அதன் பிறகு யோசித்துச் செய்தது அது. 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் சூடு தாங்க ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கப் போட்டுக் கொடுப்பது வழக்கம், அதோடு பார்த்தால் உறை பெரிய மிச்சம். பெரும்பாலும் பூச்சு இல்லாத வெறும் அட்டை என்பதால் பழைய பேப்பரோடு சேர்த்துப் போடவும் முடியும்.

கப் அப்படி இல்லை. காகிதம் மாதிரி தெரிந்தாலும் காபி ஊறிப் போகாமல் இருக்க உள்பக்கம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிசாகப் பூசியிருப்பார்கள், அதைக் காகிதத்திலிருந்து பிரிக்கச் சாதாரண காகித ஆலைகளில் வசதி இருக்காது, அதனால் நீங்கள் எவ்வளவு அக்கறையாகப் பேப்பர் தொட்டியில் போட்டாலும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். கறுப்பு மூடி இன்னும் மோசம். பல இடங்களில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் இயந்திரம் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் மூடி அதன் கண்ணிலேயே படாது. சரி, 'மக்கும்' என்று போட்ட மூடி இருக்கிறதே என்றால், அதில் பல பிஎல்ஏ வகை, அதாவது சோளம் மாதிரி தாவரங்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக், சுமார் 60 டிகிரி சூடு இருக்கும் உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். தெருவோரத்தில் விழுந்தால் அதுவும் வெறும் பிளாஸ்டிக் மாதிரிதான் கிடக்கும்.

இனி கப்புக்கு வருகிறேன். இரண்டு சுவர், நடுவில் காற்று எடுத்த வெற்றிடம், அதனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் வெளியே சுடுவதில்லை. மூடி திருகி மூடுவது, மேலே தள்ளித் திறக்கும் சின்னக் கதவு. பைக்குள் சாய்ந்து விழுந்தும் இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஒரே எரிச்சல், சூடு இறங்கவே மாட்டேன் என்கிறது, முதல் வாரம் இரண்டு தடவை நாக்கு வெந்தது. இப்போது பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் குடிக்கிறேன். அப்புறம், ஒழுகாமல் இருக்க மூடியின் உட்புறம் மாட்டியிருக்கும் சிலிகான் ரப்பர் வளையம். பால் காபி என்றால் அதன் அடியில் போய்ப் பால் தங்கிவிடும், ஒரு நாள் கழுவ மறந்தால் மறுநாள் மூடியைத் திறக்கும்போதே புளித்த வாடை முகத்தில் அடிக்கும். கத்தி முனையால் நெம்பி எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ராத்திரி ஊறப் போட்டால் போய்விடுகிறது.

கடையில்தான் கஷ்டம். முதல் நாள் கப்பை நீட்டினேன், கவுண்ட்டரில் இருந்த பையன் சிரித்த முகத்தோடு வாங்கி, காபியைக் காகிதக் கப்பில் போட்டு, அதிலிருந்து என் கப்புக்கு ஊற்றி, காகிதக் கப்பைக் குப்பையில் போட்டார். "தம்பி, நேரா இதுலயே ஊத்தக் கூடாதா?" என்றேன். "அளவு தெரியாதுக்கா, அதான்" என்றார். நியாயமான பதில். வீட்டில் அளந்து பார்த்து, கப்பின் உள்ளே 240 மில்லிக்கு நேராக ஒரு கோடு கீறி, மறுநாள் காட்டினேன். அன்றிலிருந்து நேராக ஊற்றுகிறார், கூட்டம் இருந்தால் மட்டும் பழையபடி. சர்க்கரையை முதலில் போட்டு அதன் மேல் காபியை ஊற்றச் சொல்கிறேன், தானாகக் கலந்துவிடும், குச்சி வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் கலக்கும் பிளாஸ்டிக் குச்சிகளைத் தடை செய்தது, நல்ல விஷயம்தான், ஆனால் பதிலுக்கு வந்த மரக்குச்சியும் அரை நிமிடத்தில் குப்பைக்குப் போகிற சாமான்தானே.

வாங்கி அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். மார்ட்டின் ஹாக்கிங் என்ற வேதியியல் பேராசிரியர் 1994ல் போட்ட கணக்கில், ஆற்றல் செலவில் ஒரு பீங்கான் கப் காகிதக் கப்புக்குச் சமமாக வரவே அதை 39 தடவை பயன்படுத்த வேண்டியிருந்தது. எவர்சில்வர் செய்யவும் ஏகப்பட்ட ஆற்றல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவினால் கணக்கு இன்னும் தள்ளிப் போகும், அதனால் நான் குடித்த கையோடு பச்சைத் தண்ணீரில் அலசிவிடுகிறேன், காயவிட்டால்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் அந்த வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். என்னுடையது ஏழாவது மாதம் தளர்ந்துபோனது, மாற்று வளையம் கிடைத்ததால்தான் கப் இன்னும் பையில் இருக்கிறது.