குதிரை ஷோவுக்கு ‘முழு செட்’ என்று விற்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேட்டி சட்டை போதும். இங்கிலீஷ் முறையில் நடத்தும் ஷோ என்றால் கதை வேறு. வெளிர் நிற ஜோத்பூர்ஸ் (சவாரிக்கான இறுக்கமான கால்சட்டை), வெள்ளைச் சட்டை, கருப்புக் கோட்டு, பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் வேண்டும். நம்ம ஊரில் இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். அதைத்தான் காசாக்குகிறார்கள்.

என் அண்ணன் மகள் எங்கள் வெள்ளை நுக்ரா குதிரையைக் கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவில் இறங்குவதாக இருந்தாள். திருப்பூரில் ஒரு கடைக்குப் போனோம். “அம்மணிக்கு அளவெடுத்தே தெச்சுக் குடுத்தர்றனுங்க, எல்லாம் எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க” என்றார் கடைக்காரர். மொத்தம் 14,500 ரூபாய். முன்பணம் ஜிபேயில் போனது. பில் கேட்டதற்கு, “டெலிவரிக்கு வர்றப்ப வாங்கிக்கலாமுங்க.” சரக்கு வந்ததோ ஷோவுக்கு முந்தின நாள் ராத்திரி.

வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், லத்திக் கறை போக எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று. விடியும் முன்பே எழுந்து ஷாம்பு போட்டுப் பளிச்சென்று கொண்டு போனோம். முறை வருவதற்குக் காத்திருந்தபோது குதிரை வழக்கம்போல அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. வெயிலில் கோட்டு வியர்வையில் ஊறிப் போயிருந்தது. நிமிர்ந்தால் குதிரையின் நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் கன்னங்கரேலென்று ஒரு பட்டை! ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கச் சாம்பல் நிறமாகப் பரவியதே தவிரப் போகவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பிரிவில் மார்க் குதிரையின் உடற்கட்டுக்கும் நடைக்கும்தான். ஆனால் நடையைக் காட்ட வேண்டுமானால் பிடிப்பவர் குதிரையின் தோளுக்குச் சமமாக ஓட வேண்டும். நடுவர் டிராட், அதாவது மிதமான ஓட்டம், கேட்டார். பத்தடி ஓடுவதற்குள் வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. அவள் நொண்ட, குதிரையும் தயங்கி நின்றுவிட்டது. நல்லவேளை விழவில்லை. ஆனால் அந்தக் குதிரைக்கு டிராட் எப்படி என்று நடுவருக்குத் தெரியாமலே போனது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். லைக்ராத் துணிக்குப் பஞ்சமே இல்லாத திருப்பூரில், ஜோத்பூர்ஸை இழுபடாத பாலியஸ்டரில் தைத்திருக்கிறார்கள். முழங்காலின் உட்பக்கம் தடித்த தையல். அதைப் போட்டு அரைமணி நேரம் சவாரி போனால் தோல் உரிந்துவிடும். அந்த இடத்தில் ஒட்டுத்துணிதான் வர வேண்டும். பூட்ஸில் குதிகால் என்று ஒன்று பெயருக்குக்கூட இல்லை. சவாரிக்குக் கிட்டத்தட்ட ஓர் அங்குலக் குதிகால் வேண்டும். இல்லையென்றால் கால், பாதம் வைக்கும் அங்கவடி வளையத்துக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது ஹெல்மெட்டைப் பார்த்துத்தான். மேலே வெல்வெட், பின்னால் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 4151. அது பைக் ஓட்டுகிறவர்களுக்கான தரம்! குதிரைச் சவாரிக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, இல்லையென்றால் வி.ஜி.1 என்று உள்ளே அச்சிட்டிருக்கும். வெல்வெட்டைக் கிழித்தால், உள்ளே பைக் ஹெல்மெட்கூட இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் ஓடும் ஸ்பாஞ்சும்தான். ஸ்டிக்கரும் பொய். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமே 2021 முதல் டிரெஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டியில் உயரத் தொப்பியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. இங்கே நாடக வேஷத்துக்கான தொப்பியைப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறார்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், “குதிரை மேல தேச்சா சாயம் போகத்தானுங்க செய்யும்” என்கிறார். சாயப்பட்டறை வைத்திருக்கும் சிநேகிதரிடம் கோட்டைக் கொடுத்தேன். வெள்ளைக் கர்ச்சீப்பை நனைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தார், கர்ச்சீப் கருத்துப்போனது. “சாயம் ஏத்துன பிறகு ஒழுங்கா சோப்புப் போட்டு அலசவே இல்லீங்க” என்றார். கடையிலேயே நின்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம். ஹெல்மெட் உள்பக்க எண், பூட்ஸ் குதிகால், தொடை உட்பக்கத் தையல் இவற்றையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பில் இல்லாமல் முன்பணம் வேண்டவே வேண்டாம்.

எங்களுக்கு ஜிபே ரசீதும் வாட்ஸப் பேச்சும் கைவசம் இருந்தன. 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தாயிற்று. அது ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடம் வரை மனுப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. புகார் போன மறுவாரம் கடைக்காரரே கூப்பிட்டார். பாதிப் பணம் தருகிறாராம், விஷயத்தை வெளியே சொல்லக் கூடாதாம். முழுப் பணமும் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.