காஸ்பர்ஸ்கி மூன்று வருடப் பாவனை: ரஷ்யச் சாமான் என்பது பிரச்சினையா?

"ரஷ்யாக்காரன்ர வைரஸ் கார்டாம், எங்கட பைலெல்லாம் அங்க போகுமாமே அண்ணை?"

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ டைப்பிங், போட்டோக்கொப்பி கடை நடத்துபவர்கள் ரஷ்ய நிறுவனத்தின் வைரஸ் கார்டான காஸ்பர்ஸ்கியை வாங்கப் போகும்போது இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பவரின் கொம்பியூட்டரில் பெரும்பாலும் திருட்டு வின்டோஸ்தான் இருக்கும். அதை அக்டிவேட் பண்ணின கருவியோடு "முதலில் வைரஸ் கார்டை நிறுத்தவும்" என்று ஒரு குறிப்பு வந்திருக்கும். அவரும் நிறுத்தியிருப்பார். அந்தக் கருவியை எழுதினவன் எந்த ஊரான் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

அதற்காகக் கேள்வி பிழை என்று சொல்லவில்லை. வைரஸ் கார்ட் மற்ற சொப்ட்வெயார் மாதிரி இல்லை. வின்டோஸின் கருவறைவரை போகும், எந்தப் பைலையும் திறந்து பார்க்கும், சந்தேகமானதைத் தன் சேர்வருக்கு அனுப்பும், ஒரு நாளிலேயே பலதடவை அப்டேட் இறக்கும். அப்படிப்பட்ட ஒன்றைச் செய்கிறவன் எந்த அரசாங்கத்தின் சட்டத்துக்குக் கீழே இருக்கிறான் என்பது முக்கியம்தான். அமெரிக்கா 2017இல் தன் அரச அலுவலகங்களிலிருந்து காஸ்பர்ஸ்கியை எடுக்கச் சொன்னது. 2022 மார்ச்சில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் வேறு ஒன்றுக்கு மாறச் சொல்லி எச்சரித்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. பல நாட்டுப் பாவனையாளர்களின் தரவைக் கையாளும் வேலையைச் சுவிஸுக்கும் மாற்றியது.

சரி, "நல்ல நாட்டு" சாமான்? அவாஸ்ட் என்ற வைரஸ் கார்ட் செக் நாட்டில் பிறந்தது. பாவனையாளர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற தரவை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. அதற்காக அமெரிக்காவில் 2024இல் 16.5 மில்லியன் டொலர் கட்டவேண்டி வந்தது. இப்போது அவாஸ்ட், ஏவிஜி, ஜெர்மனியின் அவிரா, அமெரிக்காவின் நோர்ட்டன் நாலுக்கும் ஒரே முதலாளி, ஜென் டிஜிட்டல். பெட்டியில் எந்த நாட்டைத் தேடுவது?

எங்கள் பக்கத்து வியாதி மொஸ்கோவிலிருந்து வருவதில்லை, கவுண்டரில் நீட்டுகிற பென்ட்ரைவில் வருகிறது. "காணி பெர்மிட்" என்ற போல்டர் இருக்கும். புழு (தானாகப் பரவும் ஒருவகை வைரஸ்) அதை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே படத்தோடு ஒரு ஷோர்ட்கட் வைக்கும். இரண்டு தரம் கிளிக் பண்ணினால் முதலில் புழு ஓடும், பிறகு உண்மையான போல்டரும் திறக்கும். அதனால் ஆளுக்குச் சந்தேகமே வராது. அடையாளம் அளவில் இருக்கிறது: ஒன்றிரண்டு கேபி, பக்கத்தில் சின்ன அம்புக்குறி. இந்த இடத்தில் காஸ்பர்ஸ்கி கெட்டி. செட்டிங்கில் பென்ட்ரைவ் குத்தினவுடன் ஸ்கேன் பண்ணும்படி வைத்தால் புழுவையும் ஷோர்ட்கட்டையும் கையோடு தூக்குகிறது.

எரிச்சலும் இந்த இடத்தில்தான். பெரும்பாலான வைரஸ் கார்டுகள் ஷோர்ட்கட்டை அழிக்கும், மறைந்த போல்டரை வெளியே எடுக்காது. வாடிக்கையாளர் வெறும் பென்ட்ரைவைப் பார்த்து "உங்கட வைரஸ் கார்ட் எல்லாத்தையும் திண்டிட்டு" என்று சண்டைக்கு நிற்பார். ஒன்றும் போகவில்லை. போல்டர் ஒப்ஷனில் மறைந்த பைல்களைக் காட்டச் சொல்வது மட்டும் போதாது. அதற்குக் கீழே, சிஸ்டம் பைல்களை மறைக்கிற இடத்தில் போட்டிருக்கும் சரி அடையாளத்தையும் எடுக்கவேண்டும். புழு அந்தப் போல்டரை மறைந்தது என்றும் சிஸ்டம் பைல் என்றும் இரண்டு விதமாகக் குறித்திருக்கும். பிறகு உள்ளே இருப்பதைப் புதுப் போல்டருக்குக் கொப்பி பண்ணிக் கொடுங்கோ.

தரவு போகும் பயம் இருந்தால், சந்தேகமான பைல்களின் விபரத்தை நிறுவனத்துக்கு அனுப்புகிற காஸ்பர்ஸ்கி செக்கியூரிட்டி நெட்வேர்க்கை நிறுத்தலாம். புதிய வைரஸைப் பிடிக்கும் வேகம் குறையும். வின்டோஸோடு வரும் வைரஸ் கார்டான டிஃபெண்டரிலும் சந்தேகமான பைலின் சாம்பிள் தானாகப் போவதை நிறுத்தத் தனி சுவிட்ச் இருக்கிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லைசன்ஸ் கீயை நம்பவேண்டாம். ஒரு பிராந்தியத்தில் விற்ற கீ இன்னொன்றில் அக்டிவேட் ஆகாமல் போகலாம். அமெரிக்கப் பணத்தில் ஓடும் திட்ட அலுவலகம் என்றால் ஒப்பந்தத்தில் காஸ்பர்ஸ்கிக்குத் தடை இருக்கிறதா என்று வாசித்துவிட்டு வாங்குங்கோ.

பிடிக்கிற திறமையில் காஸ்பர்ஸ்கிக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் புதுப்பிப்பதில்லை என்றுதான் முடிவு. உளவு காரணமில்லை. 2024 ஜூனில் அமெரிக்கா தடையை அறிவித்தது, செப்டம்பர் 29இல் அங்கே அப்டேட் நின்றது, கிட்டத்தட்ட நூறு நாள்தான் இடைவெளி. பலருடைய கொம்பியூட்டரில் அல்ட்ராஏவி என்ற வேறொரு வைரஸ் கார்ட் தானாக வந்து குந்தியது. தடை அங்கேதான், இங்கே இல்லை. ஆனாலும் காசு கட்டின சாமான் யாரோ வைக்கிற கையெழுத்தில் ஆட்டம் காணுமென்றால் மனம் ஒட்டவில்லை. இது நியாயமான கணக்கா என்றால், முழுக்க இல்லை.

டிஃபெண்டருக்கு மாறுவோர் பழையதை அன்இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் செய்தபிறகு, அது உண்மையில் ஓன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கோ. முழு ஸ்கேனில் பென்ட்ரைவ் தானாகச் சேராது. ரைட் கிளிக் பண்ணித் தனியாக ஸ்கேன் கொடுக்கவேண்டும். அதோடு ஸ்கேன் விலக்குப் பட்டியலையும் திறந்து பாருங்கோ. திருட்டு வின்டோஸுக்குப் பாவித்த அந்த அக்டிவேட்டர் தன் போல்டரை அதில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.