உவர் வயல் நெல்லுக்கு ராப்-டிபியா, ஸ்னிப்-சீக்கா?

பூநகரியில் உவர் ஏறிய வயல் நெல்லை ஆராயும் கிளிநொச்சி விவசாயபீட மாணவருக்கு, நெல்லின் பரம்பரையலகுத் தகவல்களைத் தரும் இந்த இணையத் தரவுத்தளங்கள் இரண்டுமே இலவசம். ஜப்பானின் ராப்-டிபியில் இலைக்குச் சோடியம் ஏறாமல் தடுக்கும் எச்கேடி1;5 பரம்பரையலகைத் தேடினால் 'ஓஎஸ்01ஜி0307500' என்று வரும்; 01 என்றால் முதலாம் நிறமூர்த்தம். அமைப்பு, தொழில், கட்டுரைகள் எல்லாம் ஒரே பக்கத்தில். வசதிதான். ஆனால் அடிப்படை நிப்பொன்பாரே என்ற ஒற்றை ஜப்பானிக்கா (நெல்லின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்று) இரகம். எங்கட பாரம்பரிய நெல்லான மொட்டைக்கறுப்பனுக்குத் தூரத்துச் சொந்தம்.

இர்ரியின் (சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம்) ஸ்னிப்-சீக், அதே பரம்பரையலகில் ஏறத்தாழ 3,000 நெல்வகைகளில் எந்த டிஎன்ஏ எழுத்து எங்கே மாறியிருக்கிறதென்று வரிசையாகக் காட்டும். போன் டேட்டாவில் கொஞ்சம் இழுபடும், பரவாயில்லை. என் வாக்கு இதற்கே: பிரைமர் (டிஎன்ஏவில் ஒட்டிப் படியெடுப்பைத் தொடக்கும் சிறு துண்டு) ஒட்டுமிடத்தில், மற்றப் பெரும் பிரிவான இண்டிக்காவில் எழுத்து மாறியிருந்தால் பிசிஆர் (டிஎன்ஏயைப் பல படியாகப் பெருக்கும் முறை) சறுக்கும், அதை முன்கூட்டியே இங்கே பார்த்துவிடலாம்.