ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் கவனத்துக்கு: ஆன் ஃபிராங்க் வீட்டு டிக்கெட் என்று சொல்லி 260 யூரோ பறித்துவிட்டார்கள்

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டைப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். ஒரு சுற்றுலா முன்பதிவுத் தளம் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து 260 யூரோ வாங்கிக்கொண்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. வயிறு எரிகிறது.

நாஜிகளுக்குப் பயந்து 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை யூதச் சிறுமி ஆன் குடும்பத்தோடு ஒளிந்திருந்த வீடு அது, இப்போது அருங்காட்சியகம். பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் இருக்கிறது. அங்கே ஆன் எழுதிய டைரியைப் படித்த நாளிலிருந்து, புத்தக அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்த அறைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் எங்கள் தேதிகளுக்கு டிக்கெட் தீர்ந்திருந்தது. இந்தத் தளத்திலோ அதே அலமாரியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, தலைக்கு 65 யூரோ என்றார்கள்.

கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கட்டினேன். “வீட்டுக்குள் போகும் அனுமதி இதில் உண்டா?” என்று அவர்களுடைய உரையாடல் பெட்டியில் எழுதினேன். “ஆம், உறுதியாக உண்டு” என்று பதில் வந்தது. மகளுக்காகத்தான் வருகிறோம் என்று மறுபடியும் கேட்டேன். “உங்கள் மகள் இதை மறக்கவே மாட்டாள், சில இடங்களே மீதம்” என்றார்கள். ஒரு குழந்தையின் ஆசையைச் சொன்ன பிறகும் இப்படிப் பொய் சொல்ல மனம் வருமா?

அன்று மஞ்சள் குடையோடு வந்த வழிகாட்டிப் பெண் யோர்டான் பகுதித் தெருக்களைச் சுற்றிக் காட்டினார். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் பக்கம் இருக்கும் ஆன் சிலையருகே நின்று நன்றி சொல்லிக் கிளம்பப் பார்த்தார். உள்ளே எப்போது என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தன் கைப்பேசியைக் காட்டினார். அதில் ‘நடைச் சுற்றுலா, வெளிப்புறம் மட்டும்’ என்று இருந்தது. வீட்டு வாசலில் இருந்த ஊழியர் பொறுமையாகச் சொன்னார்: இங்கே நேரில் டிக்கெட் விற்பதில்லை, எங்கள் தளத்தில் வாங்கினால்தான் அனுமதி. தூறலில் நின்று, உள்ளே போகிறவர்களையே என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் மழுப்பல். முதலில் புகார் எண் ஒன்று தந்தார்கள். அடுத்து, உரையாடலில் வந்தது தானியங்கிப் பதில், அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அதன் பின், சுற்றுலா நடத்தும் நிறுவனத்தைக் கேளுங்கள் என்று தள்ளிவிட்டார்கள். அந்த நிறுவனமோ தளத்தைக் கேட்கச் சொல்கிறது. கடைசியில் அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். 260 யூரோவைப் பிடுங்கிக்கொண்டு கூப்பனா? பணத்தை மீட்டுத் தரச் சொல்லி வங்கியில் முறையிட்டேன். சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று அந்தத் தளம் சொன்னதை நம்பி வங்கியும் முதல் சுற்றில் கைவிரித்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போது முடிந்ததை மட்டும் சொல்கிறேன். டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆம்ஸ்டர்டாம் நேரப்படி காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்கு விற்பனை திறக்கும், விரைவில் தீர்ந்துவிடும். பெரியவருக்கே 20 யூரோவைத் தொடாது, சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. 65 யூரோ கேட்டால் விலகிவிடுங்கள். ‘ஆன் ஃபிராங்க் சுற்றுலா’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் தெருவோடு சரி. உரையாடல்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் அந்த 260 யூரோவுக்காக வங்கியில் மறுபடியும் முறையிட்டிருக்கிறேன்.