மதுரை மழையில் மூன்று வருஷம், ஐந்து ஜோடி கையுறை

மதுரையில் சைக்கிள் ஓட்டக் கையுறை போடுகிறேன் என்றால் "வெயிலுக்கா?" என்றுதான் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மார்கழி விடியலிலேயே இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒத்தக்கடையிலிருந்து ஆரப்பாளையம் பக்கம் வேலை. போக வர 25 கிலோமீட்டர் சொச்சம். ஐப்பசி, கார்த்திகையில் காலை ஆறு மணி மழைக்குள் இறங்கினால், மாட்டுத்தாவணி வருவதற்குள் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கிவிடும். சிக்னலில் கியரை இறக்கலாம் என்றால் கட்டைவிரல் சொன்ன பேச்சு கேட்காது.

முதலில் என்னிடம் இருந்தது எல்லோரும் வாங்கும் அரைவிரல் கையுறை. உள்ளங்கையில் ஜெல் மெத்தை, மேலே பருத்தித் துணி, 350 ரூபாய். வருஷத்தில் ஒன்பது மாதம் அதற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மழையில் மட்டும் வெறுங்கையை விட மோசம். ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. அப்புறம் வீட்டில் மண்பானையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பானை கசிந்து, அந்தக் கசிவு காற்றில் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சில்லென்று ஆகிறதே, அதே வேலைதான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். சைக்கிளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வாங்கிக்கொண்டு ஈரத் துணியைக் கையில் சுற்றியிருந்தால், அதில் பெரும்பங்கு நம் விரலிலிருந்துதான் போகும். அதாவது 350 ரூபாய் கொடுத்து ஒரு பானையைக் கையில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கம்பளிக் கையுறை. கொடைக்கானல் ஏரிப் பக்கத்துக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய மறுநாளே அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

நானும் ஒரு நண்பனும் சனிக்கிழமை மதுரையிலிருந்து மிதித்து ஏறி, இரவு தங்கிவிட்டு, ஞாயிறு காலை தூறலில் இறங்கினோம். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் பின்னல் வழியாகக் காற்று அப்படியே உள்ளே வரும். வெள்ளி அருவி வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடிக்கிறேன், பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் விரல் லீவர் மேல் இருப்பதை உறுதி செய்துகொண்டேன். என் சைக்கிளில் ரிம் பிரேக், ரப்பர் கட்டை சக்கர விளிம்பை அழுத்தி நிறுத்தும் வகை. ஈரத்தில் அது பிடிப்பதற்கே நேரம் எடுக்கும், கையும் இன்னும் அழுத்த வேண்டும். அழுத்த விரலில் பலம் இல்லை. நனைந்த கம்பளி வேறு லீவரில் வழுக்கியது.

பெருமாள்மலை டீக்கடையில் நிறுத்தி, நேராக அடுப்புப் பக்கம் கையை நீட்டினேன். கடைக்காரர் அதட்டினார். "அடுப்புல காட்டாதீங்க தம்பி, அப்புறம் சுள்ளுனு வலி எடுக்கும். டம்ளரைப் பிடிங்க." பிடித்தேன். இரண்டாவது டீ முடியும்போதுதான் சூடு தெரிந்தது. கிளம்பும்போது அவரே இரண்டு காலி பால் கவரை அலசி, வாயை வெட்டிக் கொடுத்து, கையுறைக்கு மேலே மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு லிட்டர் கவர், கை தாராளமாக நுழைந்தது. விரல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மீன் துடுப்பு மாதிரி ஆனாலும், பிரேக் பிடிக்க அது போதும். காற்று நின்றது. பண்ணைக்காடு பிரிவு தாண்டும்போது கையில் உயிர் வந்தது, டம் டம் பாறையில் நிறுத்தியபோது வேர்த்துவிட்டது. இறங்க இறங்க ஊரும் சூடாகிறது என்பதும் ஒரு காரணம்தான். கொடைக்கானலுக்கும் வத்தலகுண்டுக்கும் 1,800 மீட்டர் அளவுக்கு உயர வித்தியாசம், அதுவே பத்து டிகிரியைக் கொண்டுவந்துவிடும். இருந்தாலும் பாதிப் பெருமை பால் கவருக்குத்தான்.

அந்த உற்சாகத்தில் ஊர் திரும்பியதும் ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு 'வாட்டர்ப்ரூஃப்' கையுறை வாங்கினேன். நான் செய்ததிலேயே பெரிய தண்டச்செலவு இதுதான். முதல் மழைக்காலத்தில் வெளித்தண்ணீர் உள்ளே வரவில்லை, சரி. ஆனால் நம்ம ஊர் மழையில் குளிரும் உண்டு, புழுக்கமும் உண்டு. உள்ளே வியர்த்து அரைமணியில் நனைந்துவிடும். இதில் என் தப்பும் ஒன்று இருந்தது. கையுறையின் நீளமான மணிக்கட்டுப் பகுதியை மழைக்கோட்டுக் கைக்கு மேலே இழுத்துவிட்டிருந்தேன். ஹேண்டில் பிடிக்கும்போது முழங்கையை விடக் கை தாழ்ந்திருப்பதால், கோட்டில் வழியும் தண்ணீர் முழுக்கக் கையுறைக்குள் போய் இறங்கியது. கோட்டுக் கைதான் மேலே இருக்க வேண்டும். அதைத் திருத்திக்கொண்ட பிறகும் ஒரு தொல்லை தீரவில்லை. ஈரக் கையை உருவினால் உள்துணி விரல் விரலாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும், திரும்ப உள்ளே தள்ள பென்சில் வேண்டும். காய இரண்டு நாள். செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தும் நாற்றம் போகவில்லை. "இது என்ன செத்த எலியா?" என்று கேட்டு அம்மா மாடிக்குக் கடத்திவிட்டார். இரண்டாவது வருஷம் விரல் நுனித் தையல் வழியே தண்ணீரும் வர ஆரம்பித்தது.

இப்போது போடுவது நியோப்ரீன். முக்குளிப்பவர்கள் உடை தைக்கும் அதே ரப்பர் நுரைத் துணி, 3 மில்லிமீட்டர் கனம், 1,200 ரூபாய். இது தண்ணீரைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. தண்ணீர் உள்ளே வரும், மெல்லிய படலமாக நிற்கும், உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். வெளிக்காற்று உள்ளே வராது. இரண்டு மழைக்காலமாக இதுதான் எனக்கு ஒத்துப்போகிறது. மழை நின்று வெயில் அடித்தால் பத்து நிமிஷம் தாங்காது, கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டும். வெறும் தண்ணீரில் அலசி, உள்புறத்தைத் திருப்பி, நிழலில் போட்டால் போதும்.

அளவுதான் இதில் முக்கியம். தொளதொள என்றால் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும், சூடு நிற்காது. இறுக்கமென்றால் ரத்த ஓட்டம் குறைந்து அதுவே விறைக்க வைக்கும். கடையில் மாட்டிப் பார்த்து முஷ்டி மடக்குங்கள். விரல் இடுக்கில் தோல் இழுபடக் கூடாது. அப்படியே ஒரு ரூபாய்க் காசை மேசையிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போனால் அது பெரும்பாலும் குளிரால் அல்ல. உள்ளங்கை ஓரத்து நரம்பு ஹேண்டிலில் அழுந்துவதால் வருவது. அதற்குத் தடித்த கையுறை வாங்கிப் பயனில்லை, கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஆறு மாதம் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது ஜோடி என்று சொன்னது ஆஸ்பத்திரியில் போடும் நீல நைட்ரைல் கையுறை. எப்போதும் சீட்டுப் பையில் கிடக்கும். எதிர்பாராமல் மழை பிடித்தால் சாதாரணக் கையுறைக்கு உள்ளே மாட்டிக்கொள்வேன். வியர்க்கும், ஆனால் பால் கவருக்கு அது எவ்வளவோ மேல், ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும்.

நியோப்ரீன் ஜோடியில் இடது கட்டைவிரல் தையல் போன மாதம் பிரிந்தது. பஞ்சர் கடை அண்ணனிடம் நீட்டினேன். "டியூபுக்கு ஒட்டுனேன், டயருக்கு ஒட்டுனேன், இப்ப கைக்கே பஞ்சர் போடச் சொல்றியாடா" என்று சிரித்துக்கொண்டே சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, இடுக்கியால் ஒரு நிமிஷம் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இதுவரை மூன்று மழை ஆயிற்று, ஒட்டு விடவில்லை.