48-19-140: சந்துக் கடையில் வாங்கிய கண்ணாடி

என் வலது கண்ணுக்கு மைனஸ் 5.25, இடது கண்ணுக்கு மைனஸ் 4.75. மூக்கின் மேலிருக்கும் கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் என் முகம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தவருக்குப் பவர் இருந்திருக்காது. பிரேம் வாங்குவது என்றாலே எனக்கு இருட்டில் சட்டை எடுக்கிற கதைதான். டம்மி லென்ஸ் போட்ட பிரேமை மாட்டிக்கொண்டு, எதிரே கலங்கித் தெரியும் உருவத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதுதான் என் முகம்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் அம்மாவும் கடையில் நின்ற பெண்ணும் சேர்ந்து சொன்ன முகத்தை ஒன்பது வருஷம் சுமந்தேன். கத்தரிப்பூ நிறம், வெளிமூலை இரண்டும் மேலே தூக்கிய பூனைக்கண் வடிவம், காதுக்குப் போகும் கம்பியில் பக்கத்துக்கு மூன்று வெள்ளைக் கல். லென்ஸ் இரண்டு தடவை மாறியது; பிரேம் மாறவில்லை. உழைப்பில் அதைக் குறை சொல்ல முடியாது.

நான் திருநம்பி. மதுரையில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை. ஹார்மோன் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குரல் உடைந்துவிட்டது, மீசை போட்டோவில் விழாத அளவுக்கு அரும்பியிருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் "தம்பி" என்று ஆரம்பிப்பார். நான் நிமிர்ந்ததும் அந்தக் கல் மூன்றும் மின்னும். அதற்குமேல் அவர் வெறும் "டிக்கெட்" என்று முடித்துக்கொள்வார்.

போன ஆண்டு ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு ஷோரூமுக்குப் போனேன். பேர் வேண்டாம். இடது சுவர் முழுக்க ஜென்ட்ஸ், வலது சுவர் முழுக்க லேடீஸ். நான் நேராக இடது பக்கம் போனேன். "மேடம், அது ஜென்ட்ஸ்" என்று இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். வீம்புக்கு, இருப்பதிலேயே பெரிய, தடித்த, கறுப்புச் சதுர பிரேமை எடுத்தேன். லென்ஸோடு 5,200 ரூபாய். வீட்டுக்கு வந்து மாட்டினால், அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. குனிந்தால் மூக்கு நுனிக்கு வந்துவிடும். லென்ஸின் ஓரம் சோடா பாட்டில் அடிபோல் தெரிந்தது. மூன்றே வாரத்தில் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் பழைய கத்தரிப்பூவுக்கே திரும்பினேன். நம்ம முகத்துக்கு ஆண் கண்ணாடி பொருந்தாதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் 5,200 ரூபாயைவிட அதிகம் வலித்தது.

சந்துக் கடையைச் சொன்னது எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. திருநங்கை. டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தம்பி என்றும் கூப்பிடவில்லை, பாப்பா என்றும் கூப்பிடவில்லை. "வாங்க, உக்காருங்க. எந்நேரமும் போடுறதா, வேலைக்கு மட்டுமா?" அவ்வளவுதான்.

அரவிந்த் ஆஸ்பத்திரியில் எடுத்த பவர் சீட்டையும் டிராயரில் கிடந்த கறுப்புச் சதுரத்தையும் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்க்கும் முன் பிரேமைத் திருப்பி, கம்பியின் உள்பக்கம் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார். 55-17-145. ஒன்பது வருஷம் கண்ணாடி போட்டும் அந்த எண் எதற்கென்று நான் யோசித்ததே இல்லை. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், நடுவில் இருப்பது மூக்கின் மேல் வரும் இடைவெளி, கடைசி எண் காதுக்குப் போகும் கம்பியின் நீளம். மூன்றும் மில்லிமீட்டரில்.

பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை என் மூக்கின் மேல் பிடித்து, "என் இடது கண்ணைப் பாருங்க" என்று தன் வலது கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கண்ணை மாற்றினார். ஒரு கருவிழியின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு 60 மில்லி. கடைக்காரர்கள் பிடி (PD) என்று சொல்வது இதைத்தான்.

"உங்க பிடி அறுபது. இந்த பிரேமுக்கு அம்பத்தஞ்சும் பதினேழும் எழுபத்திரண்டு. பன்னெண்டு மில்லி கூட. கண்ணுக்கு ஆறு மில்லி உள்ள தள்ளித்தான் லென்ஸ் உக்காரும். மைனஸ் லென்ஸுக்கு ஓரம்தானே தடிப்பு? அந்தத் தடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வந்துருச்சு."

ஜென்ட்ஸ், லேடீஸ் என்று பிரித்து அடுக்குவது பெரும்பாலும் அளவை வைத்துத்தானாம். ஆண்கள் சுவரில் 53, 54, 55. பெண்கள் சுவரில் 49, 50, 51. குறுகிய முகம் உள்ள ஆண் அந்த ஷோரூம் கணக்கில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது ஆண் அளவு அல்ல, ஆண் கோடு. இதைச் சொன்னது அவர் இல்லை, நானேதான். அவர் கடை டப்பாக்களை மூன்றாவது முறை கலைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பிடிபட்டது.

பூனைக்கண் பிரேமில் வெளிமூலை மேலே ஏறுவதால் பார்ப்பவர் கண் கன்னத்தின் மேட்டுக்கும் கண்ணின் கோடிக்கும் போகிறது. அந்த வடிவமே 1930களில் நியூயார்க்கில் அல்டினா சினாசி என்ற பெண், முகமூடியை மனதில் வைத்துப் பெண்களுக்கென்றே வரைந்தது. மேல்விளிம்பு நேராகவும் தடியாகவும் இருந்தால் பார்வை புருவத்துக்குப் போகிறது. எனக்குப் புருவம் மெலிசு. அதனால் அவர் எடுத்து வைத்தது மேல்பாதி மட்டும் கறுப்பு, கீழ்ப்பாதி மெல்லிய ஸ்டீல் கம்பி. அமெரிக்காவில் 1947-ல் ஷுரான் கம்பெனி கொண்டுவந்த பாணி. அங்கத்திய கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். மாட்டினால் இரவல் புருவம் ஒன்று கிடைக்கிறது. இதில் மூக்குத் தாங்கி தனியாகக் கம்பியில் நிற்பதால் என் தட்டை மூக்குக்கு ஏற்றபடி வளைக்கலாம். முழுக்க பிளாஸ்டிக்கான ஷெல் பிரேமில் அதற்கு வழி கிடையாது.

எண் 48-19-140. கூட்டினால் 67. கண்ணுக்கு மூன்றரை மில்லிதான் தள்ளல். அதோடு 1.60 இண்டெக்ஸ் லென்ஸ் (சாதாரண லென்ஸைவிட மெலிசாக வருவது) போட்டதில் ஓரத் தடிப்பு ஐந்து மில்லிக்குள் அடங்கிவிட்டது. முன்னது ஆறரை இருந்தது. லென்ஸுக்குள் கன்னம் வெட்டுப்பட்டு உள்ளே போய்த் தெரியுமே, பவர்காரர்களுக்குத் தெரியும், அதுவும் பாதியாகக் குறைந்தது.

முகம் தெரியாத பிரச்சினைக்கும் அவரிடம் வழி இருந்தது. கடைப் பையன் என் போனை வாங்கிக்கொண்டு சந்தின் எதிர்ச் சுவர் வரை போய் நின்று படம் எடுத்தான். கிட்ட வைத்து செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகும், முகம் ஒடுங்கும், பிரேமை நம்ப முடியாது. ஆறு பிரேமுக்கும் ஒவ்வொன்றாக எடுத்தான். பழைய கத்தரிப்பூவை மாட்டிக்கொண்டு புதிய என்னை வரிசையாகப் பார்த்தேன். நான்காவது படத்தில் விரல் நின்றுவிட்டது.

அக்காவின் கதை இதற்குத் தலைகீழ். அவருக்கு அகன்ற முகம், பிடி 67. லேடீஸ் சுவரில் எடுத்த 50-16 போட்டால் கூட்டே 66. கருவிழி லென்ஸின் நடுவைத் தாண்டி வெளியே நிற்கும், நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டிலும் கம்பி அழுத்தித் தழும்பு விழும். இங்கே அவருக்கு 54 அளவில், மூலை தூக்கிய, மெல்லிய கம்பி உள்ள ஒயின் நிற பிரேம் கிடைத்தது. தாழ்வாக வரும் நிறமான மூக்குப் பாலம் மூக்கைக் குட்டையாகக் காட்டும் என்று அதையும் பார்த்து எடுத்துக் கொடுத்தாராம். வட்ட முகத்துக்குச் சதுரம், சதுர முகத்துக்கு வட்டம் என்று ஒரு அட்டவணை சுற்றுகிறதே, அது பொய்யில்லை. ஆனால் நாம் எதை எடுத்துக்காட்ட வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று அந்த அட்டவணை கேட்பதில்லை.

குறைகள் நிறைய. மூன்று நாளில் தருகிறேன் என்றவர் எட்டாம் நாள் கொடுத்தார். போன் செய்தால் "லென்ஸ் வரல" என்று ஒரே பதில். பில் கேட்டு வாங்க வேண்டும். வாரண்டி வாய்வார்த்தைதான். கடையில் மொத்தம் இருநூறு பிரேம் இருந்தால் அதிகம். டைட்டானியம் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். துடைக்கிற துணி மட்டம், சட்டை நுனியே தேவலாம்.

முதல் நாள் இடது காதுக்குப் பின்னால் வலித்தது. திரும்பப் போனேன். ஒரு சின்ன மின்சாரச் சட்டியில் சூடான கண்ணாடி மணிகள். கம்பி நுனியை அதில் கொஞ்ச நேரம் புதைத்து எடுத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஈரத்துணியில் ஒரு துடைப்பு. காதில் மாட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி சட்டியில் விட்டார். மூன்று தடவை. காசு வாங்கவில்லை. பிரேம் 1,300, லென்ஸ் 2,600.

அம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். மூன்றாம் நாள் ராத்திரி பீரோவைத் திறந்து தாத்தாவின் படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மில் அடையாள அட்டைக்கு எடுத்தது. அதே கறுப்பு மேல்விளிம்பு.

"மூக்கு மட்டும் அவருக்கு எடுப்பா இருக்கும்" என்றாள்.

மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடை சாத்தியிருக்கும், ஞாயிறு கிடையாது. படம் எடுக்க அந்தப் பையன் சாயந்திரம்தான் வருவான். எட்டு மணிக்கு மேல் போனால் சந்தில் வெளிச்சம் போதாது.